மரியநாயகம் வெளியேற மறுத்த மதியம்

வெள்ள எச்சரிக்கை வந்த பிறகும் சிலர் ஏன் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை? இந்தக் கேள்விதான் ஷாமினியின் வேலை. தமிழர்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் வளர்ந்தவள். மாறிவரும் மழையையும் வெயிலையும் வளரும் நாடுகளின் மக்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஆராயும் பல்கலைக்கழகக் குழுவொன்றில் இருந்தாள். கிள்ளான் ஆற்றோரக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் பேசியும், திருட்டு பயம், வளர்ப்பு நாய், ‘பாத்துக்கலாம்லா’ என்பதைத் தாண்டி பதில் கிடைக்கவில்லை.

அன்று மதியம் அவள் மரியநாயகத்தின் வீட்டில் இருந்தபோது மழை வலுத்தது. அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்தவர். கைபேசியில் எச்சரிக்கை வந்தபோதே சாக்கடைத் தண்ணீர் வாசல்படி ஏறிவிட்டது.

“அங்கிள், கிளம்பலாம். ஸ்கூல்லதான் எல்லாரையும் தங்க வைக்கிறாங்களாம்.”

“டொரத்தியக் கூட்டிட்டுப் போம்மா. நான் வரல.”

மனைவி டொரத்தி கெஞ்சிப் பார்த்தார். மரியநாயகம் சக்கர நாற்காலியிலிருந்தபடியே ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் கூடத்துக்குள் வந்து சக்கரங்களை மூடியது. மின்சாரம் போனது. மருந்துகளை எடுக்க டொரத்தி உள்ளே போனதும் அவர் குரல் தாழ்ந்தது.

“போன வெள்ளத்துல அங்கதான் இருந்தோம். எல்லாமே குந்துற டாய்லெட். அவதான் என்னைத் தூக்கிப் பிடிச்சா. கதவச் சாத்த முடியல. வெளிய க்யூ நிக்குது. அப்புறம் நான் சோறே தொடல. மயங்கி விழுந்துட்டேன். அங்க மறுபடி போறதுக்கு இங்கயே சாவேன்.”

ஷாமினி உள்ளறைப் பக்கம் திரும்பினாள். தண்ணீர் அவள் முழங்காலைத் தொட்டது.

“ஆன்டி, உங்க சர்ச் ஹால் மேட்டுலதானே இருக்கு? அங்க உக்கார்ற டாய்லெட் இருக்கா?”

“இருக்கு. இப்ப எதுக்கு அது?” என்றபடி டொரத்தி மருந்துப் பையுடன் வந்தார்.

மரியநாயகத்தின் பிடி மெல்லத் தளர்ந்தது. ஷாமினி எதிர்வீட்டை நோக்கிக் கத்தினாள். அங்கிருந்த வேலாயுதம் தன் லோரியைக் கிளப்பிக்கொண்டு வந்தார். இருவருமாக மரியநாயகத்தைத் தூக்கினார்கள். வாசலில் தண்ணீரின் இழுப்பு பலமாக இருந்தது. ஷாமினி கால் இடறித் தண்ணீருக்குள் போனாள். ஆனாலும் மரியநாயகத்தின் தோளை விடவில்லை. வேலாயுதம் அவள் சட்டையைப் பற்றி இழுத்தார். சக்கர நாற்காலியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. டொரத்தியும் ஏறிக்கொள்ள, லோரி தேவாலய மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்று மாலைக்குள் வீட்டில் தண்ணீர் ஜன்னல்வரை ஏறிவிட்டது.

“இத எழுதட்டுமா அங்கிள்?” என்று ஷாமினி பிறகு கேட்டாள்.

“பேர் போடாத. மத்ததெல்லாம் எழுது.”

ஏற்கெனவே பேசிய வீடுகளுக்கு அவள் திரும்பப் போனாள். இம்முறை கழிப்பறையைப் பற்றிக் கேட்டாள். மூட்டுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் தயங்கித் தயங்கிப் பேசினார்கள். குழுவின் அறிக்கைக்குப் பிறகு, அடுத்த மழைக்காலத்துக்குள் பள்ளியில் கைப்பிடியுடன் உட்காரும் வகைக் கழிப்பறைகள் இரண்டு கட்டப்பட்டன.

மறுபடி எச்சரிக்கை வந்தபோது மரியநாயகம் முதல் ஆளாகக் கிளம்பினார். இந்தத் தடவை, பழுதாகி நின்ற தன் லோரியை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தவர் வேலாயுதம்தான்.