மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

முதலில் விவரங்கள். வயது நாற்பத்தாறு. உயரம் ஐந்தடி ஆறங்குலம். ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் படமெடுக்கும் எழுத்தர். பணியில் சேர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மணமாகிப் பத்தொன்பது ஆண்டுகள். மனைவி, கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியொன்றில் பயிற்சியாளர். ஒரே மகள், வயது பதினேழு. நாளொன்றுக்குச் சராசரி நூற்றுப்பத்துப் பேர் என்று கொண்டு, விடுமுறைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அவர் இதுவரை எடுத்த முகங்கள் ஐந்து லட்சத்து எண்பதாயிரத்துக்குக் குறையா. அவற்றுள் சிரிக்கிற முகம் ஒன்றே ஒன்று. அதைப் பற்றிப் பின்னால் வரும்.

இத்தனை முகங்களை எடுத்தவருக்குப் படமெடுக்கத் தெரியாது என்றால் நம்புவது கடினம். ஆனால் அந்த அறையைப் பார்த்தவர்கள் நம்பிவிடுவார்கள். கேமரா ஓர் இரும்புத் தூணில் திருகாணி போட்டு இறுக்கப்பட்டிருந்தது. எதிரே நாற்காலி, அதுவும் தரையோடு இறுக்கப்பட்டது. பின்னால் வெளிர்நீலத் துணி. வாசலையொட்டித் தரையில் ஒரு மஞ்சள் கோடு. கூப்பிடும்வரை அதைத் தாண்டக் கூடாது. விளக்கு இரண்டு, எப்போதும் ஒரே வெளிச்சம். இரண்டு காதுகளும் தெரிய வேண்டும், நெற்றி தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது. எழுத்தரின் வேலை ஒரு பொத்தானை அழுத்துவது. அதற்கு முன் சிரிப்பை அணைப்பது.

சிரிப்பை அணைப்பதில் அவருக்கு இணை கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்தவர் இளித்துக்கொண்டிருந்தால், தலையை நிமிர்த்தாமலே ஒரு கேள்வி கேட்பார்: "சான்றிதழ் அசல் கொண்டு வந்திருக்கீங்களா?" உலகத்தில் எவருக்கும் அந்தக் கேள்விக்குப் பிறகு சிரிப்பு நிலைத்ததில்லை. அந்த நொடியில் பொத்தான். பிறகு, "முடிஞ்சது, எழுந்திருங்க."

தோற்றது ஒரே ஒரு முறை. பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். நான்கு தடவை எடுத்தார்; நான்கிலும் பல். கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"அசல் கொண்டு வந்திருக்கீங்களா?"

"நானே அசல்தான் சார், நல்லாப் பாத்துக்குங்க" என்று அவள் மேலும் சிரித்தாள்.

ஐந்தாவது படத்தில் உதடு ஒருவழியாக மூடியது. ஆனால் இரண்டு கன்னங்களும் சிரித்துக்கொண்டே உரிமத்தில் ஏறிவிட்டன. ஓராண்டு கழித்து அந்தக் கன்னங்களைக் கட்டிக்கொண்டார். ஐந்து லட்சத்து எண்பதாயிரத்தில் அந்த ஒன்று இதுதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, தனக்குப் புதிய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு பழையதை இவரிடம் நீட்டினான். கையில் பிடித்து எடுக்கிற கேமரா.

"மாமா, சும்மா தரல. ஊர்ல ஒரு புகைப்படக் கழகம் இருக்கு. அதுல சேர்ந்து, மூணு வருஷத்துல ஒரே ஒரு படத்தையாவது கண்காட்சிச் சுவத்துல தொங்கவிடணும். இல்லேன்னா கேமரா எனக்கே திரும்பி வந்துடணும். எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்."

கழகத்தின் விதியும் ஏறக்குறைய அதுவே: தொடர்ந்து மூன்று கண்காட்சிகளில் ஒரு படமும் தேர்வாகாதவர் உறுப்பினராக நீடிக்க முடியாது. ஆக, மூன்றாம் ஆண்டில் தோற்றால் கழகமும் போகும், கேமராவும் போகும், மச்சினன் வாய் மட்டும் போகாது. எழுத்தர் விதிகளை மதிப்பவர். ஒப்புக்கொண்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டு நாற்காலியைச் சுவரோரம் போட்டார். அலமாரியிலிருந்து போர்வையை எடுத்துப் பின்னால் தொங்கவிட்டார். ஐந்தடி அளந்து சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு கோடு கிழித்தார். கோட்டில் தாம் நின்றுகொண்டு குடும்பத்தை ஒருவர்பின் ஒருவராகக் கூப்பிட்டார்.

"அப்பா, கொஞ்சம் ஜன்னல் பக்கம் வந்து எடுங்க, வெளிச்சம் நல்லா இருக்கு" என்றாள் மகள்.

"நான் வர மாட்டேன். ஜன்னலை... சரி, நீ நாற்காலியைத் திருப்பிப் போடு."

மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, பதினாறு ஆண்டுப் பழக்கத்தில் வாய்கொள்ளாமல் சிரித்தாள். அவர் தம்மையறியாமல் கேட்டுவிட்டார்: "அசல் கொண்டு வந்திருக்கியா?"

அன்று அவள் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருந்தாள். எதை மறந்தோம் என்ற திகில் முகத்தில் ஓடிய நொடியில் பொத்தான் அழுந்தியது. படத்தைப் பார்த்த மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, இந்த முகத்தைக் கண்டா தகவல் குடுக்கணும்னு கீழ எழுதி ஒட்டிடலாம்!"

மனைவி படத்தை இரண்டு முறை பார்த்தாள். "ஏங்க, இனிமே என்னை எடுக்காதீங்க. இருக்கிற மானம் போதும்" என்றாள். அதற்கப்புறம் அவர் கேமராவைத் தூக்கினால் அவள் அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

கழகம் ஒரு வண்ணப்பூச்சுக் கடையின் மாடியில் கூடியது. செயலாளர் ஒரு பல் மருத்துவர். நல்லவர், ஆனால் எதையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிற தொனி. முதல் ஆண்டு எழுத்தர் மகளின் படத்தைக் கொடுத்தார். மருத்துவர் அதை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"தெளிவு அபாரம். ரெண்டு காதும் இருக்கு. கைது பண்றதுக்குத் தோதான படம்."

இரண்டாம் ஆண்டு மனிதர்களே வேண்டாமென்று தெருவிளக்குக் கம்பம் ஒன்றை எடுத்தார். கம்பம் படத்தின் நட்டநடுவில், நேராக, அச்சு அசலாக நின்றது. "கம்பம்கூட உங்களைப் பாத்து சிரிப்பை அடக்கிட்டு நிக்குது பாருங்க" என்றார் மருத்துவர். உறுப்பினர்கள் எழுத்தருக்கு 'மஞ்சக்கோடு' என்று பெயர் வைத்தார்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எழுத்தர் சிறிது காலம் கேமராவைக் குறை சொன்னார், போர்வையின் நிறத்தைக் குறை சொன்னார், குடும்பத்தாரின் முகவெட்டையும் குறை சொன்னார். மனைவிதான் ஒரு நாள் வண்டிச் சாவியை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"நான் தினம் பாக்கிறேன்ல, உங்களை மாதிரி மாணவங்க எனக்கும் வருவாங்க. வண்டியை நிறுத்தி வச்சுக்கிட்டு, ரோடு வரட்டும்னு காத்திருப்பாங்க. நீங்க நகருங்க! ஆளுங்களை ஏன் நகத்துறீங்க?"

அது சுட்டது. எழுத்தர் ஒரு குறிப்பேடு போட்டார். நாள், நேரம், வெளிச்சம் வந்த பக்கம், ஷட்டர் வேகம், தாம் நின்ற இடம், தவறு என்று ஆறு பத்திகள். 'நின்ற இடம்' என்ற பத்தியில் முதல் நான்கு மாதம் 'கோடு' என்ற ஒரே விடைதான் இருந்தது. பிறகு மெல்ல 'ஏணி', 'மாடிப்படி', 'குந்தியபடி' என்றெல்லாம் வரத் தொடங்கியது. 'முழங்கால் போட்டு' என்ற பதிவுக்கு எதிரே, தவறு என்ற பத்தியில், 'எழ முடியவில்லை' என்று எழுதியிருந்தது.

நிற்கவும் குனியவும் வந்துவிட்டது. முகம் மட்டும் வரவில்லை. அவர் கேமராவைத் தூக்கினால் எதிரில் இருப்பவர் தாமாகவே நிமிர்ந்து, காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கி, உயிரை உள்ளே இழுத்துக்கொண்டார்.

விடை அலுவலகத்தில் இருந்தது. மூன்றாம் ஆண்டின் நடுவில் ஒரு பிற்பகல், "முடிஞ்சது, எழுந்திருங்க" என்று சொல்லிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக எழுத்தர் தலையை நிமிர்த்தினார். நாற்காலியிலிருந்து எழுந்த பெரியவர் தோளைத் தொங்கவிட்டு, மூச்சை விட்டு, தமக்குத்தாமே லேசாகச் சிரித்துக்கொண்டார். அடுத்தவரையும் பார்த்தார், அதே. அதற்கடுத்தவரும். 'முடிஞ்சது' என்ற சொல்லுக்கும் வாசலுக்கும் இடையே மூன்றடி தூரத்தில் எல்லோருக்கும் அவரவர் முகம் திரும்பி வந்தது. இத்தனை ஆண்டும் அந்த மூன்றடியை அவர் பார்த்ததேயில்லை. அந்த நேரத்தில் கோப்பில் எண் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று மாலை வீட்டில் மகளை எடுத்தார். "முடிஞ்சது" என்றார். அவள் தளர்ந்து திரும்பியதும் மறுபடி அழுத்தினார். முகம் அருமையாக வந்திருந்தது, ஆனால் கலங்கியிருந்தது. ஷட்டர் வேகம் போதவில்லை. குறிப்பேட்டில் ஏறியது. மறுவாரம் வேகத்தைக் கூட்டி மச்சினனை எடுத்தார். அவன் முடிந்ததென்று நம்பி வாய்பிளந்து கொட்டாவி விட்டான். கடைவாய்ப் பல்வரை துல்லியமாகப் பதிந்தது.

அதோடு வித்தை அம்பலமாகிவிட்டது. கழுத்தில் கேமராவுடன் அவர் "முடிஞ்சது" என்றால் வீட்டில் ஒருவரும் அசையவில்லை. சாப்பாட்டு மேசையில்கூட மகள் கரண்டியைப் பிடித்தபடி விறைத்து உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடும்மா, முடிஞ்சது."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க."

கண்காட்சிக்குப் படம் கொடுக்க மூன்று வாரம் இருந்தது. ஏமாறாமல் மிச்சமிருந்தவள் மனைவி ஒருத்தி. அவளோ கேமரா இருக்கிற அறையில் இருப்பதில்லை. மச்சினன் ஒவ்வொரு மாலையும் வந்து கேமராவின் பையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனான். "நல்லா இருக்கியாடா கண்ணு? இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று அதனிடமே பேசினான்.

அப்போதுதான் மனைவிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. ஓட்டுநர் உரிமத்தின் இருபது ஆண்டுக் காலம் முடிகிறது; புதுப்பிக்க நேரில் வந்து படமெடுத்துக்கொள்ள வேண்டும்.

எழுத்தர் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி அலுவலகத்துக்கு வருவாள். நாற்காலியில் உட்காருவாள். 'முடிஞ்சது' என்பதை நம்புவாள், ஏனென்றால் அங்கே அது உண்மை. ஆனால் தம் கேமராவை அந்த அறைக்குள் கொண்டுபோக விதி இல்லை. அதைவிடப் பெரிய விதி, உறவினர் கோப்பை ஊழியரே கையாளக் கூடாது. அன்று பக்கத்து மேசையில் கைரேகை எடுக்கிற நண்பர்தான் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் இது அவருக்கு இடி விழுந்தாற்போல் இருந்தது. விடிவதற்குள் புரிந்துவிட்டது: அவள் கோப்பு நடக்கும் அந்த ஐந்து நிமிடம் தாம் தூணுக்குப் பின்னால் நிற்கக் கூடாது. எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

மேலதிகாரிக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்தார். மூன்றாம் நாள் பதில் வந்தது: 'காத்திருப்போர் பகுதியிலிருந்து, சம்பந்தப்பட்டவர் ஆட்சேபிக்காதவரை, படமெடுக்கத் தடையில்லை. கோட்டுக்கு உள்ளே தடை.' அன்றிலிருந்து மதிய இடைவேளைகளில் அவர் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து, வாசல் வழியே காலி நாற்காலியை எடுத்துப் பழகினார். பதினொரு நாள். குறிப்பேட்டில் முழங்கால் வலி ஒன்பது இடங்களில் பதிவாகியிருக்கிறது.

அந்த நாளும் வந்தது. மனைவி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்க சார் எங்க?" என்று கைரேகை நண்பரைக் கேட்டாள்.

"உறவுன்னு ஒதுங்கிட்டார். அசல் கொண்டு வந்திருக்கீங்களா?"

நாற்பத்தைந்தைத் தொட்ட பெண்ணுக்கு இருபத்தைந்து வயதின் துணிச்சல் எப்போதும் கைகொடுப்பதில்லை. அவள் திடுக்கிட்டுக் கைப்பையைப் பார்த்தாள், முகம் நேரானது. பொத்தான். "முடிஞ்சது, எழுந்திருங்க."

தோள் இறங்கியது. மூச்சு வந்தது. கைப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குத் திரும்பியவள், மஞ்சள் கோட்டுக்கு வெளியே, கோப்பு பிடித்த இரண்டு பேரின் கால்களுக்கு நடுவே, தரையில் முழங்கால் போட்டுக்கொண்டு கேமராவோடு இருந்த கணவரைக் கண்டாள். ஒரு காலத்தில் படத்துக்காக ஒரு சாண்கூட நகராத மனிதர்.

"சார்!" என்றாள் அவள், சிரிப்பு பொத்துக்கொண்டு வர. "நீங்க அசல் கொண்டு வந்திருக்கீங்களா?"

அவர் அழுத்தினார். பிறகு அவரால் எழ முடியவில்லை. கோப்புக்காரர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையாகத் தூக்கிவிட்டார்கள்.

வீட்டில் படத்தைக் காட்டினார். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"கண்காட்சிக்குக் குடுக்கட்டுமா? ஆட்சேபம் இருந்தா சொல்லிடு."

"குடுங்க. ஆனா அந்தப் பழைய படத்தைக் கிழிச்சுடணும்."

"அதுல ரெண்டு காதும் நல்லாத் தெரியுதே..."

"கிழிச்சுடணும்."

கிழித்தார். இரண்டாகத்தான், அதற்குமேல் கை வரவில்லை.

தேர்வுக் கூட்டத்தில் எழுத்தர் பின்வரிசையில் உட்கார்ந்து கேமராவின் பையை மடியில் வைத்திருந்தார், மச்சினனிடம் ஒப்படைக்க வேண்டி வந்தால் துடைத்துக் கொடுப்பதற்காக ஒரு துணியோடு. மருத்துவர் படத்தைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார், விளக்கடிக்குக் கொண்டுபோனார்.

"நீலத்துணி ஓரத்துல சுவர் தெரியுது. நடுவுல இல்ல, சாஞ்சிருக்கு. இந்த மூலையில ஒரு முழங்கை வேற. யாரோடது?"

"கைரேகைப் பிரிவு" என்றார் எழுத்தர்.

"ஒரு காதுதான் தெரியுது."

"ஆமாங்க."

மருத்துவர் இன்னொரு முறை பார்த்தார். "மேல் வரிசையில இடது பக்கம் ஒரு பல்லு கவனிக்கணும், அவங்களை வரச் சொல்லுங்க" என்றார். பிறகு படத்தைத் தேர்வானவற்றின் அடுக்கில் வைத்தார்.

கண்காட்சியில் அது கடைசிச் சுவரில், தீயணைப்புக் கருவிக்கும் கழிவறைக் கதவுக்கும் இடையே தொங்கியது. கழிவறைக்குப் போனவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஆதலால் மற்றெந்தப் படத்தையும்விட அதை அதிகம் பேர் பார்த்தார்கள் என்று கொள்ளலாம். கைரேகை நண்பர் குடும்பத்தோடு வந்து தம் முழங்கையைச் சுட்டிக்காட்டினார். மச்சினன் படத்தின் முன்னால் நின்று தலையைச் சொறிந்தான்.

"என்னடா, பேச்சைக் காணோம்?" என்றாள் அக்கா.

"மாமா, என்னையும் ஒரு தடவை எடுங்களேன். கொட்டாவி இல்லாம."

"நகரு, நான் வரேன்" என்று தொடங்கிய எழுத்தர், நிறுத்தி, "இல்ல, நீ அங்கேயே இரு" என்று சொல்லிவிட்டுத் தாம் நடந்தார்.

புதிய உரிமம் அடுத்த வாரம் தபாலில் வந்தது. அதிலுள்ள படத்தில் வாய் மூடியிருக்கிறது, இரண்டு காதுகளும் தெரிகின்றன, கன்னம் சிரிக்கவில்லை. விதிப்படி குறையொன்றும் இல்லை. அது செல்லுபடியாகும் காலம் இருபது ஆண்டுகள். கழகத்தில் அவருடைய உறுப்பினர் உரிமை, இன்னும் மூன்று ஆண்டுகள்.