தப்பு விசாரணை

என் மகளின் புதிய வாத்தியார் முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டார். சரியான விடையோடு யாரும் வகுப்புக்கு வரக் கூடாது. வீட்டில் கணக்குகளைப் போட்டுப் பார்த்து, தப்பாக வந்தவற்றில் எது மனசுக்கு ரொம்ப நியாயமாகப் படுகிறதோ அதைக் கொண்டுவர வேண்டும். கேட்டதும் எழுந்து போய்விடலாமா என்றுதான் எனக்கு இருந்தது. தப்பு விடைக்கு எங்கள் வீட்டில் எப்போது பஞ்சம் வந்தது?

அதற்கு முந்தைய வருஷம் அவள் பெரிய எஞ்சினியரிங் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வில் தேறவில்லை. அதற்காக அவள் படித்த கோச்சிங் சென்டரில் அடிக்கடி டெஸ்ட் வைப்பார்கள். மார்க்கைப் பார்த்துப் பிள்ளைகளைத் தனித்தனி வகுப்பில் உட்கார வைப்பார்கள். இவள் இறங்கி இறங்கிக் கடைசி வகுப்புக்கு வந்து சேர்ந்தாள். அங்கே சந்தேகம் கேட்டால், அது முடிந்துபோன பாடம் என்பார்களாம். கேட்பதை நிறுத்தினாள். பிறகு வீட்டிலும் பேச்சு நின்றது. நான் பெங்களூர் அல்சூரில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கிறேன். பகலெல்லாம் வாயைத் திறந்து காட்டுகிறவர்கள் நடுவில் வேலை, வீட்டுக்கு வந்தால் வாயே திறக்காத ஒருத்தி. ஓசூரில் தங்கி வேலை பார்க்கும் என் கணவர் லீவில் வரும்போது ஏதாவது கேட்டுப் பார்ப்பார். கிணற்றில் போட்ட கல்தான்.

அவள் அந்தக் காலத்தில் முழுசாகப் பேசியது இது ஒன்றுதான் எனக்கு நினைவிருக்கிறது. "இன்னும் ஒரே தடவை எழுதறேம்மா. வரலைன்னா நீங்க சொல்றத படிக்கிறேன்." சின்ன வயதிலிருந்தே அவளுக்கு விமான எஞ்சின் பைத்தியம். எங்கள் மொட்டை மாடிக்கு மேலே ஏதாவது பறந்தால், பார்க்காமலே சத்தத்தை வைத்து இன்னது என்று சொல்வாள். அதைப் படிக்க அவள் மனசில் வைத்திருந்த கல்லூரிக்கு இந்தப் பரீட்சைதான் வாசல். ஒரு வருஷம் எந்தக் கல்லூரியிலும் சேராமல் வீட்டிலிருந்து படிக்க ஒத்துக்கொண்டோம். சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே எழுத முடியாது.

வாத்தியாரின் வகுப்பு ஒக்கலிபுரத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் நடந்தது. பக்கத்தில் ரயில் போனால் பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடங்குவார். கோலார் தங்கவயலில் பிறந்தவர், நாற்பதைத் தொடும் வயது. பெரிய கோச்சிங் சென்டர் ஒன்றில் இருந்தாராம். பாடத்தை நேரத்துக்கு முடிப்பதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவரிடம் இருந்த பிள்ளைகள் எல்லோரும் மற்ற இடங்களில் கழித்துக் கட்டப்பட்டவர்கள். வாத்தியாரும் அதே ஜாதிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

தப்பு விசாரணை என்று அவரே அதற்குப் பெயர் வைத்திருந்தார். ஒரு பிள்ளை தன் தப்பு விடையைப் போர்டில் எழுதி அதற்காக வாதாட வேண்டும். அது எந்த வழியாக மண்டைக்குள் வந்தது என்று கண்டுபிடிக்கும்வரை அடுத்த கணக்கு கிடையாது. நான் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், என் மகளின் முறை வந்தது. லிஃப்ட் ஒரே வேகத்தில் கீழே போகும்போது உள்ளே நிற்பவரின் எடை குறையும் என்று எழுதியிருந்தாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

"யாரும் சிரிக்க பேடா, சிரிக்காதீங்க. எனக்கும் அப்படித்தான் தோணுது," என்றார் வாத்தியார். "நீ சொல்லும்மா, எங்கருந்து வந்துச்சு இது?"

என் மகளின் குரல் கேட்டது. "மெட்ரோ ஸ்டேஷன் லிஃப்ட்ல எறங்கறப்ப வயிறு ஒரு மாதிரி ஆகுது சார்."

"எறங்கற வரைக்கும் ஆகுதா?"

"இல்ல சார்... கெளம்பறப்ப மட்டும்." பிறகு அவளே, "ஐயோ, கெளம்பறப்ப மட்டும்தான் சார்! அப்பதான வேகம் மாறுது!" என்றாள். அவர் கைதட்டியது கீழே மில்லுக்கே கேட்டிருக்கும்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது மெட்ரோ லிஃப்ட்டில் என்னையும் இழுத்துக்கொண்டு மேலும் கீழும் போனாள். விளையாடவா லிஃப்ட் வைத்திருக்கிறார்கள் என்று செக்யூரிட்டி அம்மா கன்னடத்தில் சத்தம் போட, இவள் கன்னடத்திலேயே எடை, வேகம் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வாத்தியார் பைத்தியமோ தெளிவோ, அவர் காலில் விழலாம் போல இருந்தது.

ஆனால் நான் சந்தேகப் பிராணி. ஒரு நாள் கேட்டே விட்டேன். "சார், பரீட்சையில ஒவ்வொண்ணுக்கும் இப்படி விசாரணை வச்சா நேரம் பத்துமா?"

"முதல்ல பயம் போகட்டும் மேடம். கடைசில வேகத்துக்குன்னே தனியா நடத்துவேன்," என்றார்.

நடத்தவும் செய்தார். மேஜையில் டைமரை வைத்துக்கொண்டு, தெரியாததை விட்டுத் தாண்டப் பழக்கினார். மற்ற பிள்ளைகள் தாண்டினார்கள். என் மகள் மட்டும், "பி ஆப்ஷன் ஏன் தப்புன்னு தெரியாம எப்படி சார் சி-ன்னு போடறது?" என்று நிற்பாள். வாத்தியார் கண்டிக்கத்தான் வாயெடுப்பார். ஆனால் முகத்தில் ஒரு பெருமை வந்துவிடும். பெருமைப்படுகிற வாத்தியார் எங்கே கண்டிப்பது? வீட்டில் நானும் சொல்லிப் பார்த்தேன். "சரிம்மா, சரிம்மா," என்பாள். பேச ஆரம்பித்த பெண்ணை அதட்டவும் எனக்குப் பயமாக இருந்தது.

பரீட்சை ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில். கேட்டில் அவள் காதிலிருந்த தோடுகளைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வாத்தியார் ஸ்கூட்டரில் வந்திருந்தார். கையில் கொண்டுவந்திருந்த வாழைப்பழங்களை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் ஸ்கூட்டரிலேயே மாட்டி வைத்தார். இரண்டு பேரும் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றோம். சுற்றிலும் பெற்றோர்கள், சிலர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப ஃபிசிக்ஸ் முடிச்சிருக்கணும்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இப்ப மேத்ஸ்ல பாதி வந்திருக்கணும்," என்றார். என்னிடம் சொல்கிறாரா தனக்குச் சொல்லிக்கொள்கிறாரா தெரியவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. உள்ளே போய் அவள் காதருகே, போதும்டி, அடுத்ததைப் பார் என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். அதற்கு வழி இல்லை. அந்தக் கட்டடத்தின் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர, பெற்றவளுக்கும் படிப்பித்தவருக்கும் செய்ய ஒன்றுமில்லை.

வெளியே வந்தவள் சிரித்துக்கொண்டே வந்தாள். பலர் அழுதுகொண்டு வந்த கூட்டத்தில் இவள் ஓடி வந்தாள்.

"சார், போட்டது எல்லாம் ரைட்டு. ஒண்ணுல கூட சந்தேகமே இல்ல!"

"எவ்வளவும்மா பாத்த?" அவர் குரல் தணிந்திருந்தது.

"ஃபிசிக்ஸ் முழுசும் சார். மேத்ஸ்ல பாதி. கெமிஸ்ட்ரி..." என்று இழுத்தாள். "திறந்து பாத்தேன் சார்."

"வெரி குட்மா," என்றார். பழத்தை அவள் கையில் கொடுத்தார். ஸ்கூட்டரை உதைத்தார், உதைத்தார், அது கிளம்பவில்லை. சாவி போடாமலே உதைத்துக்கொண்டிருந்தார். அவள்தான் எடுத்துச் சொன்னாள்.

ரிசல்ட் வரும்வரை அவள் வீட்டில் பாடிக்கொண்டு திரிந்தாள். விடைகள் வெளியானபோது பார்த்தால், அவள் சொன்னது நிஜம், போட்டதில் ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் போட்டது போதவில்லை. அந்தக் கல்லூரி வாசல் அத்தோடு மூடிவிட்டது. அவள் அழவில்லை. சாயங்காலம் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றாள்.

"டைம் ஓடறது தெரிஞ்சுதும்மா. கடைசில சும்னே எதையாவது க்ளிக் பண்ணிடலாம்னு பாத்தேன். கை போகல."

அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. கையெல்லாம் சோப்பு நுரை.

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்தாள். பெங்களூரில் வேறு எதில் சேர்வது? சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். விமானச் சத்தம் கேட்டால் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. மற்றபடி நன்றாகப் பேசுகிறாள், கல்லூரி வாத்தியார்களைக் கேள்வி கேட்டுக் கொல்கிறாளாம்.

அதைச் சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு நாள் ஒக்கலிபுரம் போனேன். மாடிப்படி ஏறும்போதே வித்தியாசமாக இருந்தது. பேச்சுச் சத்தம் இல்லை. பிள்ளைகள் எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் பின்னால் கைகட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் படிக்கட்டுக்கு வந்தார்.

"எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா சார். பேசிப் பேசியே காதைத் துளைக்கிறா."

சிரித்தார். பிறகு உள்ளே கைகாட்டி, "இவங்களையாவது நல்ல காலேஜ் உள்ள அனுப்பணும்ல மேடம்," என்றார்.

இந்த மனுஷனிடம் நேரம் பத்துமா என்று கேட்டவளே நான்தான். இப்போது பழையபடி நடத்துங்கள் சார் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லி, இன்னொருத்தி வீட்டுப் பிள்ளை பாதியில் நின்றால்? தலையை ஆட்டினேன். உள்ளேயிருந்து ஒரு பெண், "சார், இதுல பி ஏன் வராது?" என்று கேட்டாள். "அப்புறம் பாக்கலாம்மா, அடுத்தது போ," என்றார் திரும்பிப் பார்க்காமலே. அந்தப் பெண் குனிந்துகொண்டாள். நான் விடைபெற்று இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, மகள் கேட்டாள். "சாரைப் பாத்தியாம்மா? இப்ப யாரோட தப்பு ஓடுது?"

"யாரோ ஒரு பொண்ணோடது," என்றேன்.

"குடுத்து வச்சவ," என்றாள்.