அறிக்கையில் நீந்திய மீன்கள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலூரில் நர்ஸாக இருந்த என் அம்மாவே, "இந்த வாய்க்கு உனக்கு எவன் வேலை குடுப்பான்?" என்று கவலைப்பட்டிருக்கிறார். கொடுத்தார்கள். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில், இங்கிலீஷ் நன்றாக எழுதுவேன் என்பதற்காக. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருஷங்களில் வெளிநாட்டுக்காரர்கள் தோலோடு சேர்த்துச் சுற்றுச்சூழல் அறிக்கையும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். கழிவுநீரை எப்படிச் சுத்தம் செய்கிறோம் என்று வருஷா வருஷம் பளபளப்பான தாளில், படத்தோடு சொல்ல வேண்டும். அதை எழுதுவதுதான் என் வேலை.

அறிக்கையின் அட்டையில் ஒரு மீன் தொட்டியின் படம். சுத்திகரிப்பு நிலைய வாசலில் அந்தத் தொட்டி நிஜமாகவே இருந்தது. அதற்கு மேல் மேனேஜர் ஒரு போர்டு மாட்டியிருந்தார்: 'இந்த மீன்கள் எங்கள் சுத்திகரித்த நீரில் வாழ்கின்றன.' விருந்தாளி யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவார்.

தொட்டியில் இருந்ததோ லாரித் தண்ணீர். எங்கள் நிலையம் சாயத்தை எடுக்கும், நாற்றத்தை எடுக்கும். தோல் அழுகாமலிருக்கப் போட்ட உப்பை மட்டும் எடுக்காது. ஆபீஸில் எல்லாருக்கும் இது தெரியும். அந்தப் போர்டு வாசகத்தை அறிக்கையில் எழுத மாட்டேன் என்று சண்டை போட்டேன். "எல்லாத்துக்கும் பேஜார் பண்ணாதம்மா, அது சும்மா ஒரு அழகுக்கு" என்று மேனேஜர் தானே எழுதிச் சேர்த்துக்கொண்டார். பூசி மெழுகுவதில் அந்த மனிதருக்கு அப்படி ஒரு கைத்திறமை.

வாட்ச்மேனுக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் மாதனூர்ப் பக்கத்து ஆள், கம்பெனி பஸ்ஸில் வருவார். ஒரு கோடையில், தோல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் பார்வைக்கு வருவதாக இருந்தது. லாரி வரவில்லை, தொட்டியில் தண்ணீர் பாதிக்கு இறங்கிவிட்டது. விருந்தாளி வரும்போது நம் கம்பெனி நன்றாகத் தெரிய வேண்டுமே என்று முந்தின நாள் சாயங்காலம் வாட்ச்மேன் வாளியை எடுத்துக்கொண்டு போய், சுத்திகரித்த நீர் வெளியேறும் குழாயில் பிடித்து, தொட்டியை நிரப்பிவிட்டார். காலையில் மீன்களெல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன.

மேனேஜருக்கு முழி பிதுங்கியது. புது மீன் வாங்கப் போக நேரமில்லை. "வாட்ச்மேன் ஃபினாயில் ஊத்திட்டான், வேலைய விட்டு அனுப்பிட்டோம்னு சொல்லிடலாம்" என்றார். சொன்னபடி அனுப்பவும் முடிவு செய்துவிட்டார். வாட்ச்மேன் என்னிடம் வந்தார். "நான் இன்னா மேடம் தப்பு பண்ணேன்? போர்டுல இன்னா தண்ணின்னு எழுதியிருக்கோ அதத்தான ஊத்தினேன்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கம்பெனியிலேயே அந்தப் போர்டை நம்பிய ஒரே ஆளுக்கு வேலை போகப்போகிறது.

அந்த அம்மாள் வந்தார். மேனேஜர் தன் ஃபினாயில் கதையைச் சொல்லி முடித்தார். என் வாய் திறந்துவிட்டது. "அது ஃபினாயில் இல்லை. எங்கள் சுத்திகரித்த நீர். அதில் உப்பு அதிகம், மீன் தாங்காது. இத்தனை நாளும் தொட்டியில் இருந்தது விலைக்கு வாங்கிய தண்ணீர்" என்று இங்கிலீஷில் சொன்னேன். மேனேஜர் என்னைக் கடித்துத் தின்றுவிடுவதுபோலப் பார்த்தார். "உண்மையா?" என்று அந்த அம்மாள் அவரைக் கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு ஆமென்று தலையை ஆட்டினார்.

"மீன் வேண்டாம். உப்புக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று அடுத்த அறிக்கையில் எழுதுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த அம்மாள் நடந்தார். ஆர்டர் நிற்கவில்லை. வாட்ச்மேனை வேலையை விட்டு அனுப்பவும் முடியவில்லை. மேனேஜர் மழைக்காலம் வரும்வரை என்னோடு பேசவில்லை, அதுவும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த அறிக்கையில் எழுதினேன்: 'எங்கள் சுத்திகரித்த நீரில் உப்பு இன்னும் குறையவில்லை. மீன் அதில் பிழைக்காது.' எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன், இந்த இரண்டு வரியைப்போல எதற்கும் நான் பெருமைப்பட்டதில்லை. கர்வம்தான், அதை ஏன் ஒளிக்க வேண்டும்? அச்சுக்குப் போகுமுன் வாட்ச்மேனைக் கூப்பிட்டுத் தமிழில் படித்துக் காட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "மீன் சாவும்னு எழுதிட்டீங்க, சரி. அந்தத் தண்ணி எங்க ஊருப் பக்கம்தான மேடம் போவுது. எங்க கெணறு வாயில வைக்க முடியாம உப்புக் கரிக்குது. அத எழுதலியா?"

நேராக மேஜைக்குப் போய் கிணற்றைப் பற்றி ஒரு வரி சேர்த்தேன். மேனேஜர் பேனாவால் அதை அடித்தார். மறுபடியும் எழுதினேன், மறுபடியும் அடித்தார். அந்த அம்மாளுக்கு நானே போன் பண்ணுவேன் என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். மாதனூர்ப் பக்கத்துக் கிணறு எங்கள் தண்ணீரால் கரிக்கிறது என்று அந்த வருஷம் கம்பெனி தன் அறிக்கையில், தன் பெயர் போட்டே சொன்னது.