எலிப்பொந்து வைத்த ரிமோட்

என் மாமா சொல்வதில் பாதியை நம்பக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் மட்டும் பட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மாவின் தம்பி அவர்; வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டினார். சர்க்கரை ஆலை ஓடும் நாளில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றால் புகை இனிக்கும் என்று ஒருமுறை சொன்னார். மூங்கில்துறைப்பட்டில் எங்கள் மொட்டைமாடியில் நான் அப்படியே நின்றேன். பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று எதிர்வீட்டுக்காரர்கள் வந்து அம்மாவை விசாரித்தார்கள்.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது அவருக்கு விமானக் கிறுக்கு பிடித்தது. மலைக்குச் சவாரி வந்த கல்லூரிப் பிள்ளைகள் ரிமோட் விமானம் ஒன்றைப் பறக்கவிட, இவர் வண்டியை மறந்து அண்ணாந்து பார்த்தபடி நின்றிருக்கிறார். அப்புறம் அவர்களிடமே பழைய ரிமோட் ஒன்றைக் கேட்டு வாங்கி, தெர்மகோலை வெட்டி ஒட்டித் தானும் ஒரு விமானம் செய்தார். அது நேராகப் போய்க் கரும்புக்குள் விழுந்தது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் கரும்பில் எங்கே தேடுவது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து ஆட்கள் இறங்கியபோதுதான் ஒற்றை இறக்கை கிடைத்தது.

அவர் விடவில்லை. விழுந்து எழுந்து ஒருவழியாகக் கற்றுக்கொண்டார். உடனே எனக்கும் ஓட்டச் சொல்லித் தருவதாகக் கூறி, புது ரிமோட் வாங்கச் சென்னைக்கு அழைத்துப் போனார். கடையில் சிவப்பு நிறத்தில் ஒன்று இருந்தது. விளக்கு எரியும் திரை, உடம்பெல்லாம் பொத்தான்கள். அதைப் பார்த்ததும் என் மனசு முழுக்க அதில் போய்விட்டது. மாமாவோ ஒவ்வொன்றாக எடுத்து முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் திரைகூட இல்லாத சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அதன் முதுகில் ஒரு வட்டமான பொந்து இருந்தது.

"அது இன்னாத்துக்கு மாமா?"

"எலி வந்து போறதுக்கு" என்றார்.

ஊர் வந்து சேரும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

எலி வரவில்லை, ஒயர் வந்தது. புது ரிமோட்டின் பொந்தில் ஒரு முனை, பழைய ரிமோட்டில் மறு முனை. சாம்பல் பெட்டி மாமாவின் கையில். பழையது என் கழுத்தில். கரும்பு வெட்டி முடிந்த எங்கள் கழனியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நிற்போம். மாமா விமானத்தை மேலே ஏற்றிவிட்டு, "இப்ப நீ ஓட்டு பாப்பா" என்பார். நான் ரிமோட்டின் குச்சியைத் தள்ளிய பக்கமெல்லாம் அது திரும்பியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி, வகுப்பில் என் பெயரே பைலட் என்று ஆகிவிட்டது.

அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு அவனும் கழனிக்கு வந்து, மாமாவின் கையையே உற்றுப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தான்.

"அவரு ரிமோட்டு மேல ஒரு சுவிட்ச் கீது பாரு. நீ ஓட்டற நேரம் பூரா அத்த அமுக்கிக்கினே இருக்காரு. அவருதான் ஓட்டறாரு. உன் கையில இருக்கறது சும்மா டப்பா."

பார்த்தேன். உண்மைதான். மாமாவின் விரல் அந்த சுவிட்சைவிட்டு நகரவே இல்லை. நான் விரலையே பார்த்துக்கொண்டிருக்க, விமானம் வரப்போரத்துப் புளியமரத்தை நோக்கிச் சரிந்தது. பதறிக் குச்சியை இழுத்தேன். அதே நேரம் மாமாவின் விரல் சட்டென்று சுவிட்சைவிட்டு விலகியது. விமானம் உச்சிக்கிளையை உரசாமல், அத்தனை அழகாக மேலே எழும்பியது. விரல் மறுபடி அமுங்கியது.

அந்த ஒரு நொடி என்னுடையது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"விரல எடு மாமா, நானே ஓட்டறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "விரல எடுத்தா நீ ஓட்ட முடியாது பாப்பா."

புகை இனிக்கும் என்று சொன்ன அதே சிரிப்பு. கழுத்திலிருந்த ரிமோட்டைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அன்று மாலை அவர் அம்மாவிடம் விரல் வலிக்கிறது என்று சொல்லித் தைலம் கேட்டார். ஓட்டினவருக்குத்தானே வலிக்கும் என்றான் அண்ணன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன். மறுநாளிலிருந்து வகுப்பில் யாராவது பைலட் என்று கூப்பிட்டால் திரும்பவில்லை. மாமா இரண்டொரு ஞாயிறு வாசலில் ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு தனியாகவே போனார்.

இப்போது எனக்குச் சென்னையில் வேலை. சொந்தமாக ஒரு விமானம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அடங்கவில்லை. போன வாரம் ஒரு கடைக்குப் போனேன். பையனுக்கா மேடம் என்று கேட்டார் கடைக்காரர். எனக்குத்தான், இதுவரை ஓட்டியதே இல்லை என்றேன். அப்படியானால் சொல்லித் தருபவரின் ரிமோட்டோடு இணைக்கிற மாதிரி வாங்குங்கள் என்று ஒன்றை எடுத்து, மேலே இருந்த சுவிட்சைக் காட்டினார்.

"சொல்லித் தர்றவர் அவர் ரிமோட்டுல இத அழுத்திப் புடிச்சிருக்கற வரைக்கும்தான் மேடம் உங்க கையில கன்ட்ரோல். நீங்க தடுமாறுனா விரல விட்டுடுவாரு, அவர்கிட்ட போயிடும்."

மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார். கடை வாசலுக்கு வந்து மாமாவுக்குப் போன் செய்தேன். மலைப்பாதையில் எங்கேயோ ஓரங்கட்டினார் போலிருக்கிறது. பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"மாமா, அன்னிக்குக் கழனியில நானா ஓட்டினேன்?"

"பின்ன, எலியா ஓட்டுச்சி?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன். "அந்தப் புளியமரத்துக்கு மேல தூக்கினது?"

"அது மட்டும் நானு பாப்பா" என்றார்.