சிறகு விரித்த திருக்கை

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் மூக்கு வேலை செய்யவில்லை என்ற உண்மை, எட்டாம் ஆண்டு படிக்கும்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. யாராவது தனியாகக் கூப்பிட்டுக் காதோடு காதாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பள்ளிக்கூட அதிபர், கல்வி அதிகாரி, ஆசிரியர்கள், பெற்றோர், வாசலில் ஐஸ் பழம் விற்றவர் என்று பாதி மாத்தளை கூடி நின்று தெரிவித்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது இரண்டும் சுடுகின்றன.

அப்பாவுக்குச் சந்தைக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் பூப்போட்ட ஒரு சீத்தைத் துணித் திரை. அந்தத் திரை எதையும் தடுத்துவிடும் என்று நாங்கள் மனதார நம்பினோம். மன்னாரிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் லொறியில் வரும் சாக்குகள் கடையில் இடமில்லாதபோது உள்ளே வந்து, நான் படிக்கும் மேசைக்குப் பின்னால் அடுக்கப்படும். மழை பெய்தால் என் வெள்ளைச் சீருடை அந்தச் சாக்குகளுக்கு மேலே கட்டியிருந்த கொடியில்தான் காயும். அம்மா அதை நீலம் போட்டு அலசி, இஸ்திரிப் பெட்டி போட்டு, வெள்ளை வெளேரென்று என்னை அனுப்பிவைப்பாள். வகுப்பிலேயே என் சட்டைதான் வெள்ளை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

கடையில் அப்பாவுக்குத் துணை என் மாமா, அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். கை சும்மா இருக்காது. அதுவும் முத்துமாரியம்மன் கோயிலில் கொடியேறிவிட்டால் தேர் முடியும்வரை ஊரில் முக்கால்வாசிப் பேர் சைவம். கடையில் ஈ ஓட்டுவதற்குக்கூட ஈ வராது. அந்த நாட்களில் மாமா எதையாவது வெட்டி, ஒட்டி, வர்ணம் பூசிக்கொண்டிருப்பார். எங்கள் பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கண்காட்சி அந்த வருடம் சரியாகக் கொடியேற்றத்துக்குப் பிறகு வந்தது என் தலையெழுத்து.

கண்காட்சிக்கு நானும் ஸ்டெல்லாவும் ஒரு குழு. ஸ்டெல்லா தோட்டத்துக் கிளாக்கரின் மகள். ஆறாம் ஆண்டிலிருந்து எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். அவளிடம் ஒரே ஒரு குறை, ஓயாத சளி. ஜன்னலோரம் இல்லாவிட்டால் அவளால் இருக்க முடியாது. சாரல் அடித்துப் புத்தகம் நனைந்தாலும் ஜன்னலைச் சாத்த விடமாட்டாள். கேட்டால், "எனக்குச் சளிடி, மூச்சடைக்குது" என்பாள். பாவமாக இருக்கும். ஒருநாள் அம்மாவிடம் கெஞ்சி ஒரு சின்னப் போத்தலில் யூக்கலிப்டஸ் தைலம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து ஸ்டெல்லா தினமும் கைக்குட்டையில் ஒரு துளி விட்டு மூக்கருகே வைத்துக்கொண்டுதான் பாடம் எழுதினாள். என் வைத்தியம் பலித்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

டீச்சர் எங்களுக்குக் கொடுத்த தலைப்பு, பறக்கும் ஊர்வன. டைனோசர் காலத்தில் ஆகாயத்தை ஆண்டவை. அவை பறவைகள் அல்ல என்று டீச்சர் அழுத்திச் சொன்னார். நீண்டு வளர்ந்த ஒற்றை விரலிலிருந்து உடம்புவரை இழுத்துக் கட்டிய தோல்தான் அவற்றுக்கு இறக்கை. கல்லில் பதிந்த அவற்றின் உயிர்ச்சுவடுகள் எந்தெந்த நாட்டில் அகப்பட்டன என்று உலகப் படத்தில் காட்ட வேண்டும். பிரிஸ்டல் போர்டில் படம் வரைந்து, அகப்பட்ட இடங்களில் அம்மாவின் சிவப்பு ஒட்டுப் பொட்டை ஒட்டினோம். ஜேர்மனிக்கு, பிரேசிலுக்கு, சீனாவுக்கு, மொரோக்கோவுக்கு, அவுஸ்திரேலியாவுக்கு, பனி மூடிய அந்தாட்டிக்காவுக்குக்கூட ஒன்று. இந்தியாவுக்கு வைக்கலாமா என்று டீச்சருக்கே சந்தேகம். அங்கே அகப்பட்ட எலும்பு அதனுடையதுதானா என்று படித்தவர்களுக்குள் இழுபறியாம். இலங்கைக்குப் பொட்டே இல்லை.

"நம்ம நாடு மட்டும் மூளி நெத்தியோட நிக்குதே" என்று அம்மா வருத்தப்பட்டாள்.

டீச்சர் சொன்ன காரணத்தை வீட்டில் ஒப்பித்தேன். இங்குள்ள பாறை பெரும்பாலும் அந்தப் பிராணிகளுக்கும் வெகு காலம் முந்தியது, பூமிக்குள் வெந்து இறுகியது, அதில் எலும்பைத் தேட முடியாது. அவற்றின் எலும்போ காகிதம் மாதிரி மெல்லியது. கடலடியிலோ ஏரியடியிலோ சேற்றில் அமிழ்ந்தது மட்டும்தான் மிஞ்சியது. போதாததற்கு அந்தக் காலத்தில் இது தீவாகவே இருக்கவில்லை, இந்தியாவோடும் மற்றக் கண்டங்களோடும் ஒட்டிக் கிடந்தது. "அதனால, கிடைக்கலைங்கிறதுக்காக இருக்கலைன்னு சொல்ல முடியாது" என்று முடித்தேன். அது டீச்சரின் வசனம். கண்காட்சியில் சொல்வதற்காக மனப்பாடம் செய்திருந்தேன்.

மாமா எல்லாவற்றையும் கேட்டார். "அப்போ நம்ம மாத்தளைக்கு மேலயும் பறந்திருக்கும். அதுக்குச் சாட்சிதான் இல்ல. ஒரு மாதிரி செஞ்சி வச்சா டீச்சர் ஏசுவாங்களா?"

ஏச மாட்டார், மாதிரி என்று எழுதி வைத்தால் போதும். மாமா வேலையில் இறங்கிவிட்டார். வெட்டாமல் முழுசாகக் காயவைத்த ஒரு சின்னத் திருக்கையைச் சாக்கிலிருந்து தேடி எடுத்தார். இரண்டு பக்கமும் விரிந்த இறக்கை, பின்னால் நீளமான வால். தலைதான் சரியில்லை என்று அதை வெட்டிவிட்டு, ஒரு முரல் கருவாட்டின் தலையைப் பொருத்தினார். ஊசி மாதிரி நீண்ட அலகு, அதில் வரிசையாகப் பொடிப் பற்கள். டீச்சர் காட்டிய படத்தில் இருந்ததுபோலவே வந்துவிட்டது. இரண்டையும் ஒரு தட்டில் வைத்து, பரிஸ் சாந்தைக் கரைத்து ஊற்றி, தேயிலைச் சாயம் பூசிக் கல்லாக்கினார். கருவாட்டுக்கு ஈரம் காட்டினால் என்ன ஆகும் என்று ஊரில் எல்லாரையும்விட எங்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அப்பா வந்து கண்கொட்டாமல் பார்த்தார். அம்மா திருஷ்டி கழித்தாள். நாலு பேரும் அதைச் சுற்றி நின்றோமே, ஒருவராவது மூக்கைச் சுளித்தோமா?

மிகச் சிறந்ததைக் கண்டிக்கு அனுப்புவார்கள் என்று அதிபர் சொல்லியிருந்தார். நானும் ஸ்டெல்லாவும் கண்டிக்குப் போகிற ரயில் கோச்சியில் யார் ஜன்னலோரம் என்பதுவரை பேசி முடித்துவிட்டோம். அவள்தான்.

கண்காட்சியன்று மாமா குளித்து, புதுச் சட்டை போட்டு, தட்டைத் தலையில் சுமந்து வந்து மேசையில் வைத்தார். போகிற போக்கில் படத்தில் மாத்தளை இருக்கும் இடத்தில் ஒரு பொட்டையும் ஒட்டிவிட்டார். தகரக் கூரை மண்டபம். வெயில் ஏற ஏற ஆட்கள் எங்கள் மேசைக்கு வந்தார்கள், பார்த்தார்கள், மூக்கில் விரலை வைத்தார்கள். "பார்த்தியா, அதிசயப்பட்டுப் போறாங்க" என்று மாமா என் காதில் சொன்னார். எனக்கும் உச்சி குளிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் மண்டபத்தில் ஒரு சலசலப்பு. விரதம் இருந்து, கையில் காப்புக் கட்டியிருந்த அதிபர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு வந்து, "எங்கயோ கான் அடைச்சிருக்கு, போய்ப் பாருங்க" என்று ஆளை விரட்டினார். கழிவுநீர் ஓடும் கானைத் திறந்து பார்த்தார்கள், அது சுத்தமாகத்தான் ஓடியது. பக்கத்து மேசைப் பிள்ளைகள் எங்களைப் பார்த்துக் கிசுகிசுத்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமையில் கதை கட்டுகிறார்கள் என்று நினைத்தேன்.

"இங்க ஏதாச்சும் நாறுதாடி?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

காலையிலிருந்து அந்தத் தட்டுக்கு ஆகப் பக்கத்தில் நின்றவள் அவள்தான். முகம் வெளுத்திருந்தது. கைக்குட்டையை எடுக்காமலே, "எனக்கு ஒண்ணும் நாறல" என்றாள். அது போதாதா எனக்கு?

கல்வி அதிகாரி வந்தார். நான் ஒப்பிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு வசனத்துக்கும் அவர் ஓரடி பின்னால் போனார். குரல் கேட்காதோ என்று நான் ஓரடி முன்னால் போனேன்.

"மாத்தளையில ஏன் பொட்டு வச்சிருக்கீங்க, பிள்ளை?"

எனக்கு முன்னால் மாமா பதில் சொன்னார். "அது நம்ம மாதிரி இருக்கிற இடம் சேர்."

அதிகாரி சிரித்துவிட்டார். நல்ல மனுசன். நான் விடாமல், "கிடைக்கவில்லை என்பதற்காக இருக்கவில்லை என்று சொல்ல முடியாது" என்று உரத்துச் சொல்லி முடிக்கவும், கன்டீன் பூனை மேசைமேல் தாவவும் சரியாக இருந்தது. அது சாந்தை நக்கியது. முரல் தலையைக் கவ்வி ஓர் இழுப்பு இழுத்தது. அலகும் தலையும் அதன் வாயோடு வந்துவிட்டன. பூனை அதோடு கீழே குதித்து எல்லார் காலுக்கிடையிலும் ஓடியது.

"டேய், கருவாடுடா!" என்று எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் கத்தினான். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துத் தப்பியிருப்பேன். அவன் அதோடு விடவில்லை. "நான் அப்பவே நெனச்சேன். இது அவ மேல வர்ற அதே வாடை!"

சிரிப்பு நின்றுவிட்டது. அவன் பொய் சொன்னான் என்று ஒருவராவது சொல்வார் என்று சுற்றிப் பார்த்தேன். டீச்சர் குனிந்து மேசை விரிப்பைச் சரிசெய்தார். மற்றப் பிள்ளைகள் வேறெங்கோ பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லாருக்கும் தெரியும், எப்போதோ தெரியும். ஐயோ, நான் அணைத்துக்கொண்டு பேசிய பிள்ளைகள், என் தலையைத் தடவிய டீச்சர், ஒருவர் பாக்கியில்லை. நின்ற இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

மாமாவுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அவர் அதிபரின் காப்பைப் பார்த்துப் பதறி, "சேர், மன்னிச்சிக்குங்க. திருவிழா நேரத்துல கவிச்சியைக் கொண்டுவந்துட்டேன், நெனவில்லாமப் போச்சு" என்று கைகூப்பினார். தலையில்லாத திருக்கையைத் திரும்பத் தலையில் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டு வழியாக நடந்தார். நான் அவருக்கு வெகு பின்னால், வேறு யாரோ போல நடந்தேன். எங்கள் மானம் கப்பலேறியது எனக்கு மட்டும் தெரியும், அவருக்குத் தெரியாது என்பது இன்னும் கேவலமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னேன். அம்மா கொடியில் கிடந்த என் மற்றச் சீருடையை எடுத்து முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். அப்பாவிடம் கொடுத்தாள். அவர் மோந்து பார்த்துவிட்டு மாமாவிடம் கொடுத்தார்.

"ஒண்ணும் இல்லையே" என்றார் மாமா. "சவக்கார வாசம்தானே வருது?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் அதை வாங்கி மூச்சை இழுத்துப் பார்த்தேன். எனக்கும் சவக்கார வாசம்தான் வந்தது. அன்றைக்கு அழுத அழுகையில் அதுதான் பெரிய அழுகை.

திங்கட்கிழமை நான் யாருக்கும் முன்னால் போய், கடைசி மூலையில், யாரும் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். ஸ்டெல்லா வந்தாள். எங்கள் பழைய இடத்தைப் பார்த்தாள். பையைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். துருப்பிடித்திருந்த மூலை ஜன்னலைத் தள்ளித் திறக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இங்க எதுக்கு வந்த? அவன் சொன்னது கேக்கலையா?"

"கேட்டுச்சி. எனக்குத்தான் சளியாச்சே, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். கைக்குட்டையை மூக்கருகே வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள்.

மூக்கில்லாத ஒரு சிநேகிதியை முத்துமாரி எனக்கென்றே அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். தைலம் தீரத் தீர வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு போய்க் கொடுத்தேன். பள்ளிக்கூடம் முடியும்வரை அவளுக்கு அந்தச் சளி குணமாகவே இல்லை.

உயர்தரப் பரீட்சை முடித்து, கண்டியில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனேன். முதல் நீண்ட விடுமுறைக்குத்தான் வீட்டுக்கு வந்தேன். கோச்சியிலிருந்து இறங்கி, சந்தையைக் கடந்து, கடைக்குள் நுழைந்து, சீத்தைத் திரையை விலக்கியதும் அது என் முகத்தில் அடித்தது. உப்பும் கவிச்சியும் சேர்ந்து தொண்டைவரை இறங்கி, கண்ணில் நீர் முட்டியது. அப்படியே நின்றுவிட்டேன். என் மேசை, என் கட்டில், கொடியில் கிடந்த அம்மாவின் சேலை, எல்லாவற்றிலும் அதுதான். இதற்குப் பக்கத்தில் தோளோடு தோள் உரச ஒருத்தி வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டெல்லாவுக்கு ஒருநாளும் சளி இருந்ததில்லை.

"என்னடி, வாசல்லயே நிக்கிற? உள்ள வா" என்றபடி அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"சளிம்மா. மூச்சடைக்குது" என்றேன்.

அம்மா பதறிப்போய் உள்ளே ஓடினாள். தைலப் போத்தலை எடுத்துவந்து, என் கைக்குட்டையை வாங்கி, தானே ஒரு துளி விட்டுத் தந்தாள்.