உப்பில்லாத ஜாடி

ஸ்லாவிங்கா என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் ஓரகத்தி ஸ்டமேனாவின் வாயிலிருந்துதான். என் மாமனாருக்கு மூன்று மகன்கள். மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள், கடைசி மகனுக்கு நான். பன்றிக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

"ஏ யெலிகா! புதுசா வந்திருக்காளே டீச்சர் ஸ்லாவிங்கா, அவளுக்கு ஒண்ணுமே தெரியாதாம்டி!"

"யாரு சொன்னாக்கா?"

"என் மக மில்யாதான். மழை எங்கேருந்து வருதுன்னு பிள்ளைங்ககிட்ட கேக்கறாளாம். தெரிஞ்சா எதுக்குடி கேக்கப்போறா? சம்பளம் அவளுக்கு, பதில் சொல்றது நம்ம பிள்ளைங்களா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் காலத்து மிலோயே வாத்தியார் யாரையும் எதுவும் கேட்டதில்லை. அவர் சொல்வார், நாங்கள் எழுதுவோம், மறுநாள் அதையே ஒப்பிப்போம். டான்யூபில் கலக்கும் ஆறுகளின் பெயரை இன்றும் மூச்சுவிடாமல் சொல்வேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடை எதில் போய்ச் சேர்கிறது என்று மட்டும் தெரியாது.

ஸ்லாவிங்காவுக்குத் தகப்பன் இல்லை. தாயோடு பள்ளிக்கூடத்துப் பின்னறையிலேயே குடியிருந்தாள். குளிர் தொடங்கியதும் நகரத்திலிருந்து பள்ளி இன்ஸ்பெக்டர் வருவார், அவருக்குப் பிடித்தால்தான் வேலை நிரந்தரம், இல்லையென்றால் அந்த அறையும் போய்விடும் என்று ஊருக்கே தெரியும். அதனால் ஊரே அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிட்டது. என் கணவர் அவளை வழியில் நிறுத்தி, மழை எப்படிப் பெய்கிறது என்று விளக்கினார். அவள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அப்புறம் ஏன் அண்ணே எல்லா மேகமும் பெய்யறதில்ல?" என்றாளாம். மனிதர் அன்று சரியாகச் சாப்பிடவே இல்லை.

குளிர்காலத்துக்காக முட்டைக்கோஸை உப்புத்தண்ணீரில் ஊறப்போடும் காலம் வந்தது. வீட்டுக்கு வீடு பீப்பாய் கழுவினோம். அவளும் வகுப்பில் மூன்று கண்ணாடி ஜாடியில் கோஸும் தண்ணீரும் போட்டு வைத்தாள். ஒன்றில் கைநிறைய உப்பு, ஒன்றில் கொஞ்சம், மூன்றாவதில் உப்பே இல்லை. துணி கட்டி, இன்ஸ்பெக்டர் வரும் நாளில்தான் திறப்போம் என்றாள். மூன்றாவது அழுகிவிடும் என்று பிள்ளைகள் அடித்துச் சொன்னார்கள்.

"கோஸுக்கு உப்பு போடக்கூடத் தெரியாம ஒரு பொண்ணா!" என்று ஸ்டமேனா வாயில் கைவைத்தாள். வகுப்பில் குளிருக்கு அடுப்பு மூட்டுகிறவள் என்பதால் பள்ளிச் சாவி அவளிடம்தான் இருந்தது. அதற்குமேல் அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட மனிதர். அவருக்காகச் சுட்ட சீஸ் அடையோடு நானும் ஸ்டமேனாவும் வாசற்படியில் நின்றோம். ஸ்லாவிங்கா மூன்றாவது ஜாடியின் துணியை அவிழ்த்தாள். நாற்றமே இல்லை. கோஸ் பொன்னாக மின்னியது. அவள் முகம் வெளுத்தது.

"சொல்லிக்கொடுத்திருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும், தோழர் டீச்சர்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "ஏன் அழுகல?" என்று கேட்டாள்.

"தின்னு பாக்கலாமா டீச்சர்?" ஒருத்தி தின்றாள். "உப்பு! யாரோ போட்டிருக்காங்க!"

"அடியில மஞ்சளா ஏதோ கிடக்கு."

"மக்காச்சோளம்! எங்க வீட்டுல அது போட மாட்டாங்க, பீட்ரூட்தான்."

"எங்க வீட்டுல பிரிஞ்சி இலை."

மில்யா மட்டும் மேசைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்றான் ஒரு வாண்டு. மொத்த வகுப்பும் வாசலைப் பார்த்தது.

ஸ்டமேனா அடையை என் கையில் திணித்தாள். "தோழர், கோவிச்சுக்காதீங்க. நீங்க வர்ற அன்னிக்கு நாறக்கூடாதேன்னு, ஜாடி வெச்ச அன்னிக்குச் சாயங்காலமே நான்தான் உப்பு போட்டேன். பாவம், தாயை வெச்சுக் காப்பாத்தற பொண்ணு. ஒண்ணும் தெரியாது அதுக்கு."

இன்ஸ்பெக்டர் பிள்ளைகளைப் பார்த்தார். "இப்படியெல்லாம் கண்டுபிடிக்க யாரு சொல்லிக்கொடுத்தா?"

"யாரும் சொல்லல."

அவர் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டு ஜாடியிலிருந்து ஒரு கீற்று எடுத்துத் தின்றார், இன்னொன்றும் தின்றார். "மக்காச்சோளம் எதுக்கும்மா?"

"எங்கம்மா போட்டா, நானும் போடறேன்."

"ஏன் டீச்சர், எதுக்குப் போடறாங்க?"

ஸ்லாவிங்கா பிள்ளைகளிடம் திரும்பினாள். "எதுக்கா இருக்கும்?"

"அய்யோ, இதுவும் தெரியலையே!" என்று ஸ்டமேனா என் காதில் முனகினாள்.

இன்ஸ்பெக்டர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். தன் தாய் போடும் கோஸைப் பற்றி ஆரம்பித்தவர், பிள்ளைகளோடு சத்தமாக வாக்குவாதம் செய்து, அடை ஆறிப்போகும்வரை நகரவில்லை. கிளம்பும்போது, "நீங்க இங்கேயே இருங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரமே வேலை நிரந்தரமானது. தன்னால்தான் அவள் தேறினாள் என்று என் வீட்டுக்காரர் கண்மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டமேனாவும் அப்படித்தான்.

ஸ்லாவிங்கா எங்கள் பிள்ளைகளுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றாள். இப்போது உஷிட்செ நகரத்தில் மகள் வீட்டில், மூன்றாம் மாடியில் இருக்கிறாள்.