ஏழு பேர் ஒரு மில்

எங்கள் தோட்டத்துப் பாமாயில் மில்லின் இரைச்சலை நாடகமாகப் போடப்போகிறேன் என்றதும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அதைத்தான் ராப்பகலாக இலவசமாகக் கேட்கிறோமே, அதற்கு நாடகம் எதற்கு என்றார்கள். நாடகம் என்றால் அவர்களுக்கு அரிதாரம், வசனம், பாட்டு. நான் கோலாலம்பூரில் படிக்கப் போன இடத்தில் வேறு மாதிரி ஒன்றைப் பார்த்திருந்தேன். வசனமே கிடையாது. பத்துப் பேர் தங்கள் உடம்புகளாலேயே ஒரு துறைமுகத்தைக் கட்டி இயக்கினார்கள். எங்கள் குடும்பத்தில் தமிழ்ப்பள்ளியைத் தாண்டிப் படித்த முதல் ஆள் நான். இதைவிட நன்றாக என்னால் செய்ய முடியும் என்று திரும்பும் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் தோட்டம் கலும்பாங் ஊரைத் தாண்டி, செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்தது. விடுமுறையில் என்னையும் சேர்த்து ஏழு பேர் கூடினோம். காலி எண்ணெய்ப் பீப்பாய், தகரம், ஒரு சங்கிலி, ஈர்க்குமாறு. தகரத்தின் மேல் ஈர்க்குமாற்றை வேகமாக இழுத்தால் நீராவி சீறும். ஒருத்தி தோளை உருட்டிக்கொண்டே இருப்பாள். அவள்தான் பெரிய சக்கரம். என் அண்ணன் குலை தள்ளுகிறவன். மில்லிலும் அவனுக்கு அதே வேலைதான்: வெந்த செம்பனைக் குலைகளைக் கம்பியால் உருளைக்குள் தள்ளுவது. அவன் முதுகு வளைந்து நிமிர்வதைப் பார்த்தே மற்றவர்கள் தாளம் பிடித்தார்கள்.

இரண்டாம் ஒத்திகையில் விஷயம் தெரிந்துவிட்டது. நான் சங்கிலியைத் தரையில் போட்டதும் எல்லாரும் அசையாமல் நிற்க வேண்டும். அண்ணன் நிற்கவில்லை. மறுபடி போட்டேன். அப்போதும் நிற்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அவனே சொன்னான்.

“வலது காது போயி வருஷமாச்சு பாப்பா. இப்ப எடதும் போவுது. மண்டோருக்குத் தெரிஞ்சா மெஷின்கிட்ட விடமாட்டாரு.”

மண்டோர்தான் மில்லில் வேலையாட்களை மேற்பார்க்கிறவர். எச்சரிக்கை விசில் கேட்காதவன் மெஷினுக்குக் கையைக் கொடுத்துவிடுவான் என்பது மில்லில் எல்லாருக்கும் தெரியும். அந்த வேலை போனால் லயத்து வீடும் போகும். அப்பா இல்லை. இடுப்பு விழுந்ததிலிருந்து அம்மா வேலைக்குப் போவதில்லை. நீ நாடகத்தில் இருக்க வேண்டாம் என்றேன். இப்போது விலகினால்தான் ஏன் என்று கேட்பார்கள் என்றான். அப்புறம் சிரித்தான்.

“நான் இல்லாம ஒன்னோட மில்ல எவன் லா ஓட்டுவான்?”

அதனால் சத்தத்துக்குப் பதில் கண்ணை நம்பினோம். கடைசிக் கட்டத்தில் மற்ற ஐந்து பேரும் அவனுக்குப் பின்னால் இருப்பார்கள். நான் அவன் காலடியில் சங்கிலியோடு மண்டியிட்டிருப்பேன். குனிந்த தலையை நிமிர்த்தாமல் அவன் சங்கிலியையே பார்ப்பான். அது விழுந்தால் நிற்பான். பத்துத் தடவை செய்து பார்த்தோம், ஒரு தடவைகூடத் தவறவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மாரியம்மன் கோவிலுக்கு எதிரே இருந்த பூப்பந்துத் தளத்தில் ஆடுவதாக ஏற்பாடு. பூசை முடிந்த பிறகுதான் தொடங்க வேண்டும். ஆனால் பூசை செய்யும் பண்டாரம் வந்து சேரவில்லை, வானமும் கறுத்துக்கொண்டு வந்தது. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மில் மண்டோர், மழைக்கு முன்னால் ஆரம்பித்துவிடுங்கள் என்றார்.

ஆரம்பித்தோம். பீப்பாய் முழங்கியது, தகரம் சீறியது. செம்பனைக்கு அப்பால் உண்மையான மில்லும் ஓடிக்கொண்டிருந்ததால் எது எங்கள் சத்தம், எது அதன் சத்தம் என்று பிரிக்க முடியவில்லை. சிரிக்க வந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. எனக்கு உள்ளுக்குள் அத்தனை பெருமையாக இருந்தது.

கடைசிக் கட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது கோவில் மணி அடித்தது. பண்டாரம் எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. கூட்டம் மொத்தமாக எழுந்து கோவில் பக்கம் திரும்பியது. பீப்பாய் நின்றது, சக்கரம் நின்றது. தீபாராதனை மணிக்கு நிற்காத உடம்பு எங்கள் தோட்டத்தில் கிடையாது. நானும் சங்கிலியைப் பிடித்தபடியே திரும்பிக் கைகூப்பினேன். சங்கிலி விழவில்லை.

மணிச் சத்தத்துக்கு நடுவே, சிமெண்டுத் தரையில் ஒரு பாதம் தேய்ந்து தேய்ந்து போவது கேட்டது. திரும்பினேன். அண்ணன் குனிந்த தலையோடு குலை தள்ளிக்கொண்டிருந்தான். சங்கிலியைக் கீழே போட்டேன். அவன் நின்று, நிமிர்ந்து, சுற்றிலும் கூப்பிய கைகளைப் பார்த்துத் தானும் கைகூப்பினான்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஆத்தாளே கூப்பிட்டாலும் இவன் ஷிப்டு முடித்துவிட்டுத்தான் வருவான் என்றாள் ஒருத்தி. மண்டோர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மெதுவாக நடந்து வந்து அண்ணனுக்குப் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அண்ணன் தரையில் கிடந்த சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். மண்டோர் என்னைப் பார்த்தார்.

“எத்தன நாளாம்மா?”

“நடிப்பு, மண்டோரய்யா. எல்லாம் நின்னாலும் அவரு நிக்கக்கூடாது. நான்தான் அப்படிச் சொல்லிக் குடுத்தேன்.”

“சாமி மணிக்குமா?”

ஆமாம் என்றேன், அவர் கண்ணைப் பார்த்தே. நாடகம் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு அவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் நேரத்துக்கு, அண்ணனின் சாப்பாட்டைக் கொடுக்கும் சாக்கில் நானும் போனேன். பெயர் கூப்பிடும்போது அண்ணன் எப்போதும் மண்டோரின் உதட்டையே பார்ப்பான். அன்று மண்டோர் ஆட்களுக்கு முதுகைக் காட்டி, மில்லைப் பார்த்து நின்றுகொண்டு கூப்பிட்டார். வழக்கமான வரிசையிலும் கூப்பிடவில்லை. ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள். அண்ணனின் பெயர் வந்தது. பக்கத்தில் நின்றவன் அண்ணனை இடிக்க முழங்கையைத் தூக்கினான், பிறகு என்ன நினைத்தானோ, இறக்கிக்கொண்டான். மண்டோர் அந்தப் பெயரை இன்னொரு முறை கூப்பிட்டார். தன் முறை இன்னும் வரவில்லை என்பதுபோல், அண்ணன் அவர் முதுகைப் பார்த்தபடி பொறுமையாக நின்றிருந்தான்.